பாட்டு வகுப்புப் பாடங்களை ஒழுங்காக வைத்துக்கொள்ள: நோட்டா, ஒலிப்பதிவா, அட்டவணையா?

கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்ற வரிசையில் கற்கும் காலத்தில், பாடங்களை ஒழுங்குபடுத்தி வைக்கவேண்டிய தேவை மாணவருக்குப் பெரிதாக எழுவதில்லை. அவை எல்லோருக்கும் பொதுவான பாடங்கள். எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கும். வர்ணங்களைக் கடந்து கீர்த்தனைகளுக்குள் நுழையும்போதுதான் நிலைமை மாறுகிறது. அங்கிருந்து மாணவர் கற்பது புத்தகத்தில் உள்ள பாடலை அன்று, தம் குருவின் பாடாந்தரத்தை, அதாவது அவர் பாடும் வடிவத்தை. அந்தப் பாடாந்தரத்துக்கு அச்சுப் பிரதி கிடையாது. குரு பாடிக் காட்டியதை மாணவர் எப்படிப் பிடித்து வைக்கிறாரோ அதுவே பிரதி.

இந்தக் கட்டத்தில் இருக்கும் மாணவர்கள், குறிப்பாக வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஒன்றிரண்டு வகுப்புகளுக்குச் செல்லும் பெரியவர்கள், அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாடங்களை நோட்டில் எழுதி வைப்பதா, கைபேசியில் பதிவு செய்வதா, அல்லது கணினியில் ஒரு பட்டியல் போட்டு எல்லாவற்றையும் அதில் கோத்து வைப்பதா என்பது அந்தக் கேள்வி. மூன்றையும் செய்யலாம் என்பது எளிய பதில். ஆனால் மூன்றையும் முழுமையாகச் செய்யத் தொடங்குபவர் சில மாதங்களில் மூன்றையும் கைவிட்டுவிடுவதே வழக்கமாக இருப்பதால், எது தலைமை ஏற்க வேண்டும், எது துணையாக நிற்க வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும்.

அதற்கு முன்பு, எதை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஓர் உருப்படிக்கு, அதாவது கற்கும் பாடலுக்கு, சாகித்யம் என்னும் பாடல் வரிகள் உண்டு, ஸ்வரம் உண்டு, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும்போது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் சங்கதிகளும் அவற்றின் வரிசையும் உண்டு. இவை பாடத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு அப்பால், ‘அந்த இடத்துல கொஞ்சம் நின்னு போ’, ‘ரிஷபத்தை அவ்வளவு அழுத்தாதே’ என்று குரு சொல்லும் திருத்தங்கள் உண்டு. இவை பாடத்தை அன்று, பாடுபவரைச் சேர்ந்தவை. கடைசியாக, எந்த உருப்படியை எப்போது கற்றோம், எப்போது கடைசியாகக் குருவின் முன் பாடினோம் என்ற கணக்கு. பெரும்பாலான மாணவர்கள் முதல் வகையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், இரண்டாவதைத் தொலைத்துவிடுகிறார்கள், மூன்றாவதை எழுதுவதே இல்லை. எந்த முறையைத் தேர்ந்தாலும், இந்த மூன்றில் எதற்கு அது உதவுகிறது என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எழுதவே வேண்டாம், காதால் வாங்கி நெஞ்சில் நிறுத்து என்று சொல்லும் குருமார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நோட்டைப் பார்த்துப் பாடும் மாணவரின் கண் எழுத்தைத் தேடுகிறது. காது சும்மா இருக்கிறது. ஆனால் அந்த முறை குருவின் வீட்டிலேயே தங்கி, காலையிலும் மாலையிலும் அவர் பாடுவதைக் கேட்டு வளர்ந்த மாணவர்களுக்காக அமைந்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் குருவைப் பார்ப்பவருக்கு நினைவாற்றல் மட்டும் போதாது. மேலும், வாய்வழி மரபு என்று நாம் சொல்லும் மரபிலேயே எழுதி வைத்த சீடர்கள் இருந்திருக்கிறார்கள். தியாகராஜரின் (1767–1847) சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் தம் குருவின் பாடல்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் எழுதி வைத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையின் பாதுகாப்பில் இருப்பவை. வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சீடர் பரம்பரைகள் கிளைத்தபோது ஒரே கீர்த்தனை வெவ்வேறு வடிவங்களில் பாடப்பட்டு வந்தது நமக்குத் தெரிவதும், எந்தப் பரம்பரையில் எந்தச் சங்கதி என்று இன்று நம்மால் பேச முடிவதும், யாரோ சிலர் எழுதி வைத்ததாலும்தான்.

ஆக, முதலில் நோட்டு.

கையால் எழுதும் நோட்டின் பலம், ஒரு பாடத்தின் கட்டுமானத்தை அது ஒரே பார்வையில் காட்டிவிடுவது. ஆதி தாளத்துக்கு ஓர் ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு முழுச் சுற்றை) ஒரு வரியாக எழுதி, நான்கு, இரண்டு, இரண்டு என்று கோடு போட்டுப் பிரித்து, மேலே ஸ்வரமும் கீழே சாகித்யமும் எழுதினால், எந்தச் சொல் எந்த அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) விழுகிறது, எடுப்பு (பாடல் தொடங்கும் இடம்) எங்கே, எந்த இடத்தில் மூச்சு விடலாம் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீட்டிப்புக்கு ஒரு காற்புள்ளி, இரட்டை நீட்டிப்புக்கு ஓர் அரைப்புள்ளி, மேல் ஸ்தாயிக்குத் தலைமேல் புள்ளி, மந்த்ர ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, வேகம் இரட்டிப்பதற்கு மேலே ஒரு கோடு என்று இவ்வளவு குறைந்த குறிகளைக் கொண்டே வர்ணம் ஒன்றை முழுமையாக எழுதிவிட முடிகிறது. பதினான்கு அட்சரங்கள் கொண்ட அட தாள வர்ணத்தைக் காதால் மட்டும் கேட்டுக் கணக்குப் பிடிக்க முயன்றவர்களுக்கு, அதை ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு என்று எழுதிப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

நோட்டின் பலவீனமும் அதே குறிகளில்தான் இருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை நோட்டில் ‘க’ என்ற ஒற்றை எழுத்தாகத்தான் எழுதுவோம். பாடும்போது அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டே இருக்கிறது. எழுத்தை மட்டும் பார்த்து அதை நேராகப் பிடிப்பவர் தோடியைப் பாடவில்லை. பைரவியில் ஏறுமுகமாக வரும் பிடிகளில் சதுச்ருதி தைவதமும் (சற்று உயர்ந்த ‘த’) இறங்குமுகத்தில் சுத்த தைவதமும் (தாழ்ந்த ‘த’) வருகின்றன. நோட்டில் இரண்டும் ‘த’தான். இதற்காகத் ‘த’வின் பக்கத்தில் சிறிய 1, 2 என்று எண் போட்டு வைக்கும் பழக்கம் நல்ல பழக்கம். சாகித்யத்திலும் இதே சிக்கல் உண்டு. தெலுங்கு, சம்ஸ்கிருதப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது க, ச, ட, த, ப வரிசைகளின் ஒலி வேறுபாடுகள் மறைந்துவிடுவதால், அச்சுப் புத்தகங்கள் செய்வதுபோல எழுத்தின் மேல் எண்ணிட்டு எழுதாவிட்டால், உச்சரிப்பு சில மாதங்களிலேயே மாறிவிடும்.

கமகங்களை, அதாவது ஸ்வரங்களின் இந்த அசைவுகளை, குறிகளால் எழுதிவிடலாம் என்ற முயற்சி நம் மரபில் நடக்காமல் இல்லை. எட்டயபுரத்தில் 1904ஆம் ஆண்டில் வெளியான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ ஒவ்வொரு வகைக் கமகத்துக்கும் தனிக் குறி வகுத்துப் பாடல்களைப் பதிப்பித்தது. தெலுங்கில் வந்த அந்நூலைச் சென்னை மியூசிக் அகாடமி பின்னர் தமிழில் வெளியிட்டது. அவ்வளவு நுணுக்கமான அந்தப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டும், ஒரு சொல்லை எப்படிப் பாடியிருப்பார்கள் என்று வித்வான்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அவ்வாறிருக்க, வகுப்பில் அவசரமாகக் கிறுக்கிய நம் நோட்டு கமகத்தைக் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

அந்த இடத்தைத்தான் ஒலிப்பதிவு நிரப்புகிறது. குருவின் குரலில் அந்தக் காந்தாரம் எப்படி அசைந்தது, சங்கதிக்கும் சங்கதிக்கும் இடையில் அவர் எங்கே மூச்சு விட்டார், காலப்பிரமாணம் (பாடும் வேகம்) எவ்வளவு நிதானமாக இருந்தது என்பதெல்லாம் பதிவில் அப்படியே இருக்கும். இன்றைய ஒலி இயக்கிகள் பலவற்றில், சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் முக்கால் பங்காகக் குறைத்துக் கேட்கும் வசதி இருப்பதால், வேகமான ஒரு பிடியைப் பிரித்துக் கேட்டுக் கற்க முடிகிறது. இதற்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. குறைத்த வேகத்திலேயே பலமுறை கேட்டுப் பழகியவர்கள் அந்தக் கமகத்தை அகலமாகவும் மந்தமாகவும் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். பிரித்துக் கேட்டது பிரிந்தே நின்றுவிடுகிறது. இரண்டு முறை மெதுவாகக் கேட்டால், உடனே நான்கு முறை உரிய வேகத்தில் கேட்பது நல்லது.

ஒலிப்பதிவின் உண்மையான குறையைப் பலரும் இடப் பற்றாக்குறை என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் எம்பி3 கோப்பாகப் பதிவு செய்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி ஆகும். வாரம் இரண்டு வகுப்பு என்று ஆண்டுக்கு நூறு மணி நேரம் வைத்துக்கொண்டாலும் 6 ஜிபிக்குள் அடங்கிவிடும். கூகுள் கணக்கில் விலையின்றிக் கிடைக்கும் 15 ஜிபியில், மின்னஞ்சலும் படங்களும் வேறு இடம் பிடிக்கும் என்றாலும், சுமார் இரண்டு ஆண்டுப் பாடங்களை வைக்கலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நூறு மணி நேரப் பதிவை யார் உட்கார்ந்து திரும்பக் கேட்கப்போகிறார்கள்? அதில் பாதி நேரம் மாணவர் தவறாகப் பாடியதும், குரு திருத்தியதும், காபி வந்ததும், அடுத்த வாரம் வகுப்பு உண்டா என்று பேசியதும்தான் இருக்கும். பல்லவியின் நான்காவது சங்கதி எந்தக் கோப்பில் எத்தனையாவது நிமிடத்தில் இருக்கிறது என்று தேடுவதற்குள் சாதகத்துக்கு (வீட்டுப் பயிற்சிக்கு) ஒதுக்கிய அரை மணி நேரம் போய்விடும்.

எனவே முழு வகுப்பையும் பதிவு செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. வகுப்பின் கடைசி ஐந்து நிமிடங்களில், அன்று கற்ற பகுதியைக் குரு ஒருமுறை தொடர்ச்சியாகப் பாடுவதை மட்டும் பதிவு செய்வதே மேல். ‘மாமி, இன்னிக்குப் பாடினதை ஒரு தடவை முழுசாப் பாடுங்களேன், ரெகார்ட் பண்ணிக்கறேன்’ என்று கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை. அவர்களுக்கும் அது அன்றைய பாடத்தைத் தொகுத்துச் சொல்வதாக அமைந்துவிடுகிறது. ஆண்டுக்கு நூறு வகுப்பு என்றாலும் இப்படிச் சேர்வது எட்டு மணி நேரத்துச் சொச்சம்தான். அரை ஜிபிகூட ஆகாது. திரும்பத் திரும்பக் கேட்கும் பதிவாக அது இருக்கும் என்பதுதான் முக்கியம்.

பதிவுகளுக்குப் பெயர் வைப்பதில் காட்டும் சிறிய ஒழுங்கு பெரிய தொல்லையைத் தவிர்க்கும். கைபேசி தானாக வைக்கும் பெயரில் நாளும் எண்ணும் மட்டுமே இருக்கும். வாட்ஸ்அப்பில் குரு அனுப்பும் குரல் பதிவுகளும் அப்படியே. அன்றிரவே ‘தோடி – ஆதி – அனுபல்லவி – 2025 03 14 – 5 கட்டை’ என்பதுபோல மாற்றி வைத்துவிட வேண்டும். ராகத்தை முதலில் வைத்தால் ஒரே ராகத்தின் உருப்படிகள் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். ஆண்டை முதலில் வைத்தால் கற்ற வரிசை தெரியும். ராகத்தை முதலில் வைப்பதே எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது; ஏனெனில் நாம் பதிவைத் தேடுவது ராகத்தை நினைத்துத்தான், தேதியை நினைத்து அன்று. பெயரின் கடைசியில் ‘கட்டை’ என்று சுருதியைக் குறிப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் ஆசிரியையிடம் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடும் மாணவர் கற்கும்போது, பதிவு யாருடைய சுருதியில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், வீட்டில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு முதல் சில நிமிடங்கள் தடுமாற வேண்டியிருக்கும்.

அனுமதி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குருவிடம் கேட்காமல் சட்டைப் பையில் கைபேசியை ஓடவிடுவது தவறு. அனுமதி பெற்றுச் செய்த பதிவாக இருந்தாலும், அதைக் குடும்பக் குழுவில் போடுவதற்கும் நண்பருக்கு அனுப்புவதற்கும் அந்த அனுமதி செல்லாது. வகுப்பில் குரு பாடுவது மேடைக் கச்சேரி அன்று. தொண்டை சரியில்லாத நாளிலும், பாதிக் குரலிலும், மாணவருக்குப் புரிவதற்காகச் சில இடங்களை மிகைப்படுத்தியும் பாடுவார். அது வெளியே சுற்றினால் அவருக்கு ஏற்படும் சங்கடம் நமக்கு விளையாட்டாகத் தெரியலாம், அவருக்கு அப்படியில்லை. பதிவு வேண்டாம் என்று சொல்லும் குருவிடம் கற்பவர்கள் வாதாடுவதை விட்டுவிட்டு, கீழே சொல்லும் நோட்டு முறையை இன்னும் கவனமாகப் பின்பற்றலாம்.

கடல் கடந்து வாழும் மாணவர்கள் சென்னையிலோ தஞ்சையிலோ இருக்கும் குருவிடம் இணையவழி கற்கும்போது இந்த ஒப்பீடு சற்று மாறுகிறது. ஒலி போய்ச் சேர்வதில் ஏற்படும் தாமதத்தால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. குரு ஒரு வரி பாடி நிறுத்த, மாணவர் திருப்பிப் பாட வேண்டும். அதனால் குருவின் வரி தனியாக, மாணவரின் குரல் கலக்காமல் பதிவாகிறது. நேரடி வகுப்பில் கிடைக்காத தெளிவு இது. ஆனால் ஜூம் போன்ற செயலிகள் இரைச்சலைக் குறைப்பதாக எண்ணித் தம்புராவின் நாதத்தையே வெட்டிவிடும். ஒரே சீராக ஒலிக்கும் எதுவும் அதற்கு மின்விசிறிச் சத்தம்தான். அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று இருப்பதை இரு பக்கத்திலும் இயக்கி வைத்தால் இது தீரும். கட்டணமில்லாக் கணக்கில் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் கொண்டு, தொடர்ச்சியாகப் பாடும் பதிவை முப்பத்தைந்தாவது நிமிடத்துக்குள் கேட்டுப் பெற்றுவிடுவது நல்லது.

மூன்றாவது தெரிவு அட்டவணை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், குறிப்புச் செயலிகள் எல்லாம் இதில் சேரும். இவற்றைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன். ஏனெனில் பாடத்தை வைத்துக்கொள்ள இவை எந்த விதத்திலும் ஏற்றவை அல்ல. ஸ்வரத்தைத் தட்டச்சு செய்வது சலிப்பான வேலை. தலைமேல் புள்ளியும் மேற்கோடும் போட முடியாமல் மாற்றுக் குறிகளைக் கண்டுபிடித்து, பிறகு அந்தக் குறிகள் எதற்கு என்பதையே மறந்துபோக நேரும். வண்ணம் வண்ணமாகக் கட்டங்களை அமைப்பதில் மாலைப் பொழுது கழியும், சாதகம் நடந்திருக்காது. ஆனால் முன்பு சொன்ன மூன்றாவது வகை இருக்கிறதே, எதை எப்போது கற்றோம், எப்போது கடைசியாகப் பாடினோம் என்ற கணக்கு, அதற்கு அட்டவணையைப் போல வேறெதுவும் உதவாது. உருப்படி, ராகம், தாளம், இயற்றியவர், கற்று முடித்த நாள், கடைசியாகக் குருவின் முன் பாடிய நாள் என்று ஆறு பத்திகள் போதும். கடைசிப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தினால், நெடுநாளாகத் தொடாத உருப்படி தானே மேலே வந்து நிற்கும். அறுபது உருப்படிகள் கற்ற ஒருவர் நாளுக்கு ஒன்றாகப் பழைய பாடலைப் பாடி வந்தால், இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் ஒரு சுற்று முடித்துவிடலாம். இந்தக் கணக்கு இல்லாதவர்கள் புதிதாகக் கற்ற நான்கையும் மிகப் பிடித்த மூன்றையும் மட்டுமே மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருப்பார்கள். கடைசி நாளை நோட்டின் பின்னட்டையிலும் எழுதலாம்தான்; வரிசை மாற்ற முடியாது என்பது ஒன்றே குறை.

அச்சுப் புத்தகத்தை வாங்கி அதன்மேலேயே பென்சிலால் திருத்திக்கொள்வது இன்னொரு வழி. சாகித்யத்தைச் சரிபார்க்கவும் பொருள் அறியவும் புத்தகம் அவசியம். சொல்லைத் தவறான இடத்தில் பிரித்துப் பாடும் குற்றம் இதனால் குறையும். ஆனால் புத்தகத்தின் ஸ்வரத்தை அடித்து அடித்துக் குருவின் வடிவத்தை இடுக்கில் எழுதும்போது, மூன்றாவது சங்கதிக்கு மேல் பக்கம் படிக்க முடியாததாகிவிடும். இணையத்தில் கேட்ட பெரிய வித்வானின் பதிவையும் குருவின் பாடத்தையும் கலப்பது இதைவிடக் கெடுதல். இரு பாடாந்தரங்களும் தனித்தனியே அழகாக இருக்கும். கலந்தால் இரண்டாவது சங்கதி ஒரு வழியிலும் மூன்றாவது வேறு வழியிலும் போய்க்கொண்டிருக்கும். குரு அதை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

என் முடிவு இது: கீர்த்தனை கற்கும் நிலையில் உள்ள வயது வந்த மாணவருக்கு நோட்டே தலைமை, ஐந்து நிமிடப் பதிவு அதற்குத் துணை, அட்டவணை ஒரு பக்கக் கணக்கு மட்டும். ஒலிப்பதிவில்தானே எல்லாமே இருக்கிறது, அதுவே தலைமை ஏற்கக் கூடாதா என்று கேட்கலாம். எல்லாம் அதில் இருப்பதே காரணம். பதிவு மாணவரிடம் எந்த உழைப்பையும் கேட்பதில்லை. பொத்தானை அழுத்தியதும் பாடம் வந்துவிட்டது என்ற நிம்மதியை மட்டும் தருகிறது. நோட்டு அப்படி விடாது. எழுத உட்கார்ந்ததும், தெரிந்ததாக நினைத்த இடங்களில் பாதி தெரியாது என்பது வெளியாகிவிடும்.

அதற்கு நோட்டை எழுதும் நேரத்தை மாற்ற வேண்டும். வகுப்பில் சாகித்யத்தைத் தவிர வேறெதையும் எழுதாமல், காதால் மட்டும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ நினைவிலிருந்து ஸ்வரப்படுத்த வேண்டும். நினைவுக்கு வராத இடத்தை ஊகித்து நிரப்பாமல் காலியாக விட வேண்டும். முழுவதும் எழுதிய பிறகே பதிவைக் கேட்க வேண்டும். காலி இடங்களில் பெரும்பாலானவை பதிவைக் கேட்டதும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகும் பிடிபடாமல் நிற்பவை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அடுத்த வகுப்பில் குருவிடம் கேட்க வேண்டியவை அவை மட்டும்தான். ‘முழுக்க ஒரு தடவை சொல்லிக் கொடுங்க’ என்று கேட்கும் மாணவருக்கும், ‘அனுபல்லவி இரண்டாவது சங்கதியில, அந்தத் தைவதத்துக்கு அப்புறம் நேரா பஞ்சமமா, இல்ல நிஷாதத்தைத் தொட்டுட்டு வரணுமா’ என்று கேட்கும் மாணவருக்கும் குரு ஒதுக்கும் கவனம் ஒன்றாக இருக்காது. இரண்டாவது மாணவருக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். மீதி நேரத்தில் புதிய பாடம் நடக்கும்.

நோட்டின் அமைப்பிலும் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். கோடு போட்ட நீள நோட்டில் வலது பக்கத்தில் மட்டும் பாடத்தை எழுதி, இடது பக்கத்தைத் திருத்தங்களுக்காகக் காலியாக விட்டுவிட வேண்டும். சங்கதிகளுக்கு எண் கொடுத்து, முதல் சங்கதியை முழுமையாகவும் அடுத்தவற்றில் மாறும் பகுதியை மட்டும் எழுதினால், ஆறு சங்கதியும் ஒரே பக்கத்தில் அடங்கும். வளர்ச்சியும் கண்ணுக்குத் தெரியும். குரு ஒரு திருத்தம் சொன்னால் அதே வரிக்கு நேராக இடது பக்கத்தில் தேதியோடு, முடிந்தால் அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். ‘அழுத்தாதே’ என்றாரா, ‘அசைக்காதே’ என்றாரா என்பதில் வேறுபாடு உண்டு. ஆறு மாதம் கழித்து இடது பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்த்தால், வெவ்வேறு பாடல்களில் வெவ்வேறு நாட்களில் ஒரே திருத்தத்தை, எடுத்துக்காட்டாக மேல் ஸ்தாயி ஷட்ஜத்தில் நிற்கும்போது சுருதி சற்று இறங்குவதை, குரு நான்கு முறை சொல்லியிருப்பது தெரியவரும். பாடல் வாரியாகப் பிரித்து வைத்த பதிவுகளில் இது தெரிய வாய்ப்பே இல்லை. உதிரித் தாள்களில் எழுதுபவர்களுக்கும் தெரியாது. தாள்கள் எல்லாம் கிடைத்தால்தானே.

இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. பத்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளை ஸ்வரப்படுத்தச் சொல்வது வீண் தண்டனை. அவர்களுக்குப் பதிவே தலைமை; தினமும் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்தாலே பாதிப் பாடம் ஏறிவிடும். வகுப்பில் கூட உட்காரும் தாயோ தந்தையோ தேதியையும் திருத்தத்தையும் மட்டும் எழுதி வைத்தால் போதும். மிருதங்க மாணவர்களுக்கு மாறாக நோட்டு இன்னும் வலுவானது. சொற்கட்டு (‘தகதிமி’ போன்ற வாய்ச்சொற்கள்) எழுத்தில் ஏறத்தாழ முழுமையாக அடங்கிவிடுகிறது; முத்தாய்ப்பாக வரும் கோர்வையின் கணக்கு எழுதிப் பார்க்கும்போதுதான் பிடிபடுகிறது; பதிவு இடது தொப்பியில் எழும் கும்கியின் நாதத்தைக் கேட்க மட்டுமே தேவைப்படும். மனோதர்மம் என்னும் கற்பனை இசைக்குள் நுழைந்துவிட்ட மாணவர்களுக்கு, அதாவது ராக ஆலாபனை, நிரவல், கல்பனா ஸ்வரம் கற்பவர்களுக்கு, நோட்டு பின்வாங்க வேண்டும். குரு அன்று பாடிய ஆலாபனையை ஸ்வரப்படுத்தி மனப்பாடம் செய்தால் அது ஆலாபனையாக இருக்காது. அவர்கள் குரு பாடுவதைப் பதிவு செய்வதைவிடத் தாங்கள் பாடுவதைப் பதிவு செய்து கேட்பதே பயன் தரும். கேட்பதற்குச் சற்று மனவலிமை தேவை.

குருவை மாற்ற நேர்ந்தவர்களுக்கு ஒரு சொல். ஊர் மாறுவதாலோ, குருவின் முதுமையாலோ இது பலருக்கும் நேர்கிறது. புதிய குரு பழைய உருப்படி ஒன்றைத் தம் வழியில் திருத்தத் தொடங்கும்போது, அந்தத் திருத்தங்களைப் பழைய நோட்டின் இடது பக்கத்தில் எழுதக் கூடாது. அந்த உருப்படியைப் புதிய நோட்டில் முதலிலிருந்து, புதிய பாடமாகவே எழுத வேண்டும். அட்டவணையில் கூடுதலாக ஒரு பத்தி சேர்த்து, எந்த வடிவம் யாரிடம் கற்றது என்று குறித்துக்கொள்ளலாம். பழைய நோட்டைப் புதிய குருவிடம் காட்ட வேண்டுமா என்பது அந்தந்தக் குருவின் இயல்பைப் பொறுத்தது. சிலர் ஆர்வமாக வாங்கிப் பார்ப்பார்கள், சிலர் விரும்பமாட்டார்கள். அவர்களாகக் கேட்கும்வரை பையிலேயே இருக்கட்டும்.